பின்னூட்டப் பெட்டிக்குள் தமிழ் வந்த கதை



இணையத்தின் வரலாறு என்று எங்கே தேடினாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் படிக்க மட்டுமே முடிகிற வலை இருந்தது, அது வெப் 1.0. பிறகு 2004 அக்டோபரில் டிம் ஓ'ரெய்லியின் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாடு நடத்தி, அதற்கு வெப் 2.0 என்று பெயர் வைத்தது. அதிலிருந்து வாசகனும் எழுத ஆரம்பித்தான், வலைப்பதிவு, விக்கி, ஆர்குட், யூடியூப் எல்லாம் வந்தன, சுபம். செமினாரில் பத்து நிமிடம் பேச இது தாராளமாகப் போதும் :)

ஆனால் இந்தக் கதையை அப்படியே தமிழுக்கும் சொன்னால் பொருந்தாது என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் படிக்கிறவருக்குப் பதில் எழுத ஒரு பெட்டி இல்லாததுதான் பிரச்சினை. பெட்டி வந்ததும் எழுதிவிட்டார். நமக்குப் பெட்டி வந்த பிறகும் பிரச்சினை தீரவில்லை. பெட்டிக்குள் தமிழ் எழுத்து விழவில்லை. விழுந்தாலும் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தமிழாகத் தெரியவில்லை. இந்தச் சிக்கலின் கடைசி முடிச்சுகளை அவிழ்த்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல், சொந்த வேலைக்கு நடுவே உட்கார்ந்து செய்தவர்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்குப் போகும் முன் ஒன்று. பழைய வலை வெறும் படிக்கும் வலை என்பதே பாதி உண்மைதான். டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் உலாவியிலேயே பக்கத்தைத் திருத்தி எழுதும் வசதி இருந்தது. அது நெக்ஸ்ட் கணினியில் மட்டும் ஓடியதால் பரவவில்லை. 1993-இல் வந்து ஊரெல்லாம் பரவிய மொசைக், பார்ப்பதற்கான உலாவி. 1995-இல் வார்ட் கன்னிங்ஹாம் செய்த முதல் விக்கியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம். வெப் 2.0 என்ற சொல்லைக்கூட டார்சி டிநூச்சி என்பவர் 1999-லேயே ஒரு கட்டுரையில் பயன்படுத்திவிட்டார். ஆக 2004 என்பது பெயர்சூட்டு விழா நடந்த வருடம். பிள்ளை எப்போதோ பிறந்துவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம்.

துண்டுக்கு அடியில் விரல்

எங்கள் அய்யலூரில் வியாழக்கிழமை தோறும் சந்தை. ஆடு, கோழி வாங்க வெளியூரிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். நம்ம பக்கத்துச் சந்தைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அதற்கு அடியில் ஒருவர் விரலை இன்னொருவர் பிடித்துப் பேரம் பேசுவார்கள். இன்ன விரலைப் பிடித்தால் இன்ன தொகை என்று இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தால் ஒருவர் ஆயிரம் என்று சொல்ல இன்னொருவர் நூறு என்று புரிந்துகொள்வார். அன்றைக்கு அடிதடிதான்.

கணினியும் இதே முறைதான். உள்ளே எழுத்து என்று எதுவும் கிடையாது, எண்தான் இருக்கிறது. இன்ன எண் வந்தால் இன்ன எழுத்தைக் காட்டு என்பதுதான் கணக்கு. பழைய முறையில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128-ஐ ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. தமிழ் எழுத்துரு செய்தவர்களில் சிலர் ஆங்கில எழுத்துகளை விரட்டிவிட்டு அந்த இடத்தில் தமிழை உட்கார வைத்தார்கள். சிலர் மீதி 128-க்குள் தமிழை அடுக்கினார்கள். அடுக்கிய வரிசை ஆளுக்கு ஆள் வேறு. தினசரிகளும் வார இதழ்களும் வலைக்கு வந்தபோது ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துருவோடு வந்தது. ஒரு பத்திரிகையின் 'க' இன்னொரு பத்திரிகைக்கு 'ழு'. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும், தலையில் கொம்பு வைத்த பிரெஞ்சு எழுத்தும், காப்பிரைட் குறியும் கலந்த கூட்டாஞ்சோறு.

இதற்கு மத்தியிலும் தமிழ் வலையேறியது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்த கவிதைத் தளத்தில் மற்ற மொழிகளோடு தமிழும் இருந்தது. அதைச் சாத்தியமாக்கியவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். சிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவில் உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் தமிழிலேயே கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லொசானிலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழைய நூல்களைத் தொண்டர்கள் தட்டச்சு செய்து அனுப்ப, எல்லாருக்கும் இலவசம். ஓ'ரெய்லி மாநாட்டுக்கு ஆறு வருடம் முன்பே வாசகர்கள் சேர்ந்து ஒரு நூலகம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

குழுவில் எல்லாரும் ஒரே எழுத்துருவை நிறுவிக்கொண்டால் பேச்சு நடந்தது. துண்டுக்கு அடியில் அதே கணக்கு. வெளியாள் வந்தால் நின்றுபோனது.

பொதுவான ஒரு கணக்கு வேண்டும் என்று எல்லாரும்தான் சொன்னார்கள். ஆனால் எது அந்தக் கணக்கு? 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாப், டாம் என்ற இரண்டு குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. இணையத்தில் எழுதிக்கொண்டிருந்த வெளிநாட்டுத் தமிழர்கள் பலர், மின்னஞ்சலிலேயே விவாதித்து உருவாக்கிய திஸ்கியைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, இரண்டு பக்கமும் கோபமும் இருந்தது. பழைய விவாதங்களைப் படித்தால் சில இடங்களில் சிரிப்பும் வருகிறது. ஒரு எழுத்து எந்த எண்ணில் உட்கார வேண்டும் என்பதற்காகப் பங்காளிச் சண்டை!

இதற்கிடையில் 'இயங்கு எழுத்துரு' என்று ஒரு தந்திரம் வந்தது. பக்கத்தைத் திறந்தால் எழுத்துருவும் தானாகவே கூட வந்து இறங்கும். வாசகர் எதையும் நிறுவ வேண்டாம். பத்திரிகைகளுக்கு இது பெரிய வரம். என் வாதத்தின் மையமே இந்த இடம்தான். இயங்கு எழுத்துரு படிக்கிற பிரச்சினையைத் தீர்த்தது, பதில் எழுதுகிற பிரச்சினையைத் தீர்க்கவில்லை. பத்திரிகை பேசும், வாசகர் கேட்பார். அவர் வாய் திறக்க வேண்டுமானால் அந்தப் பத்திரிகையின் எழுத்துருவில் தட்டச்சு செய்யும் மென்பொருள் வேண்டும். அது அவரிடம் இருக்காது. ஆகவே விருந்தினர் பதிவேட்டில் 'கட்டுரை ரொம்ப அருமை' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டுப் போனார். தமிழ் வலை ஒருவழிப் பாதையாக இருந்தது இதனால்தான். பெட்டி இல்லாததால் அல்ல.

சிடி கேட்ட எக்ஸ்பி

யூனிகோடு ஒன்றும் புதிது இல்லை. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் நமக்கு. 'அ' என்றால் 2949, 'க' என்றால் 2965. எந்த நாட்டில், எந்தக் கணினியில் திறந்தாலும் அதுதான். இந்தியிலோ அரபியிலோ வேறு எந்த எழுத்துக்கும் அந்த எண் கிடையாது. அதாவது ஒரே பக்கத்தில், ஒரே பெட்டியில், எத்தனை பேர் வந்து எழுதினாலும் கணக்கு ஒன்றே.

பிறகு ஏன் பத்து வருடத்துக்கு மேல் ஆனது? எண் கொடுத்தால் மட்டும் போதாது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேமிப்பில் அது 2965, 3018 என்று இரண்டே எண். திரையில் மட்டும் கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாகப் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய இயங்குதளத்துக்குள் தனி நிரல் தேவை. விண்டோஸ் 2000-இல்தான் லதா எழுத்துருவோடு தமிழ் ஆதரவு முதலில் வந்தது. 2001-இல் எக்ஸ்பி வந்தபோது வசதி இருந்தது, ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழிப் பகுதியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் டிக் செய்ய வேண்டும். டிக் செய்ததும் எக்ஸ்பி சிடியைப் போடு என்று கேட்கும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் சிடிக்கு எங்கே போவார்? அந்தக் கணினிகளில் யூனிகோடு தமிழைத் திறந்தால் கொம்பெல்லாம் இடம் மாறி, புள்ளிகள் தனியாகத் தொங்கிக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் வெறும் கட்டம் கட்டமாக.

இங்கேதான் தனி ஆட்கள் வருகிறார்கள். முகுந்தராஜ், தமிழா குழுவின் சார்பில் 'எ-கலப்பை' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். ஆங்கில விசைப்பலகையில் ஒலிப்படி அடித்தால் எந்தப் பெட்டியிலும் யூனிகோடு தமிழ் விழும். வேர்டிலும் விழும், மின்னஞ்சலிலும் விழும், மறுமொழிப் பெட்டியிலும் விழும். ஜெர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் எழுதிய 'பொங்குதமிழ்' மாற்றியில் பழைய எழுத்துருவில் இருப்பதை ஒட்டினால் யூனிகோடாகக் கக்கும். மாலன் நடத்திய 'திசைகள்' இணைய இதழ் 2003-லேயே யூனிகோடில் வந்தது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் உமர்தம்பி. தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினத்துக்காரர். துபாயில் வேலை பார்த்தவர். 'தேனீ' என்ற யூனிகோடு எழுத்துருவையும் வேறு பல தமிழ்க் கருவிகளையும் செய்து இலவசமாகக் கொடுத்தார். அந்த நாளின் வலைப்பதிவுகள் எத்தனையோ தேனீயை அணிந்துகொண்டுதான் எழுந்து நடந்தன. 2006-இல் காலமானார். 2010 ஜூனில் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டின் தமிழ் இணைய அரங்கம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதே 2010 ஜூனில்தான் தமிழக அரசும் யூனிகோடைத் தன் குறியீடாக ஏற்று அரசாணை போட்டது. சனங்கள் எழுத ஆரம்பித்து ஏழு வருடம் கழித்து!

மீ த பர்ஸ்ட்டு

2003-இல் தமிழில் வலைப்பதிவுகள் வரத் தொடங்கின. மணி மு. மணிவண்ணன் கொடுத்த 'வலைப்பூ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிளாக்கர் 1999-லிருந்தே இருந்த இலவச சேவை, அதை 2003 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது. அதே வருடம் மே மாதம் வேர்ட்பிரஸ் வந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்து எழுதலாம், கீழே மறுமொழிப் பெட்டி தானாக வரும். யூனிகோடும் எ-கலப்பையும் கையில் இருந்ததால் அந்தப் பெட்டிக்குள் தமிழ் விழுந்தது. இரண்டு நதியும் சேர்ந்த இடம் இது.

ஆனால் யார் எங்கே எழுதுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? மதி கந்தசாமி கனடாவிலிருந்து தமிழ்ப் பதிவுகளின் பட்டியலைக் கையாலேயே பராமரித்தார். பட்டியல் நீண்டுகொண்டே போனது. 2004-இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். இதன் அடியில் இருந்த நுட்பம் செய்தியோடை, அதாவது ஆர்எஸ்எஸ். ஒரு பதிவு தன் புதிய இடுகைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் கணினிக்குப் புரிகிற வடிவத்தில் தனியே வைத்திருக்கும். திரட்டி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, முகப்பில் வரிசையாக அடுக்கும். இதற்கும் ஒரே குறியீடு அவசியம். நூறு எழுத்துருவில் வரும் நூறு ஓடைகளை ஒரே முகப்பில் காட்டவே முடியாது.

முகப்பில் இன்னொரு பத்தி இருந்தது: அண்மையில் மறுமொழியப்பட்ட இடுகைகள். என்னைக் கேட்டால் தமிழ் வலையின் குணத்தையே மாற்றியது இந்தப் பத்திதான். பின்னூட்டம் விழுந்தால் இடுகை மேலே வரும். மேலே வந்தால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்தால் இன்னும் பின்னூட்டம். உடனே நம்மவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் :) தன் இடுகைக்குத் தானே பின்னூட்டம் போட்டு மேலே ஏற்றுவதற்குப் 'பின்னூட்டக் கயமைத்தனம்' என்று பெயரே வைத்தார்கள். கூட்டமாக வந்து அரட்டை அடித்தால் 'கும்மி'. உப்புச் சப்பில்லாத இடுகைக்கு 'மொக்கை'. முதல் ஆளாக வந்தவர் படிக்கிறாரோ இல்லையோ, 'மீ த பர்ஸ்ட்டு' என்று துண்டு போட்டு இடம் பிடிப்பார். அடுத்தவர் பெயரில் போலிப் பின்னூட்டங்கள் வர ஆரம்பித்ததும், பெயரின் மேல் சுட்டெலியை வைத்து நிஜ ஆள்தானா என்று பார்ப்பது 'எலிக்குட்டிச் சோதனை' ஆனது. மட்டுறுத்தல் என்ற சொல்லும் அப்போதுதான் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது.

விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் சாதி, ஈழம், பெரியார், பெண்ணுரிமை, இளையராஜா என்று எதைத் தொட்டாலும் அங்கே நூறு பின்னூட்டம் ஓடியது. கொழும்பில் இருப்பவரும் கோவையில் இருப்பவரும் டொரண்டோவில் இருப்பவரும் ஒரே பக்கத்தில், தமிழில், உடனுக்குடன் சண்டை போட்டார்கள். வாசகர் கடிதம் அச்சில் வர வாரக்கணக்கில் காத்திருந்த மொழிக்கு இது சாதாரணம் இல்லை. 2007 ஆகஸ்டில் சென்னையில் பதிவர் பட்டறை நடத்தி, புதியவர்களுக்குத் தட்டச்சு முதல் சொல்லிக் கொடுத்தார்கள்.

விக்கிப்பீடியாவின் கதை தனி. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியபோது கிட்டத்தட்ட ஆளில்லாத வீடு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன், அமீரகத்தில் வேலை செய்துகொண்டிருந்த கட்டிடக் கலைஞர், அந்த நவம்பரில் உள்ளே வந்தார். இடைமுகத்தின் பெரும்பகுதியைத் தமிழாக்கினார், கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார். 2015-ஆம் ஆண்டின் இயல் விருது அவருக்குக் கிடைத்தது. 2017-இல் தமிழ் விக்கி 1 லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. எண்ணிக்கையைவிட எனக்குச் சுவாரசியம் அதன் பேச்சுப் பக்கங்கள்தான். ஜெர்மனியா ஜேர்மனியா, கிரந்தம் கலக்கலாமா கூடாதா, இலங்கை வழக்கா தமிழக வழக்கா என்று ஒவ்வொன்றுக்கும் வாதம். இரண்டு நாட்டுத் தமிழரும் ஒரே வாக்கியத்தை மாறி மாறித் திருத்த வேண்டிய கட்டாயம் இதற்கு முன் எங்கே வந்தது? 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம், ஈழத்து நூல்களை இணையத்தில் பத்திரப்படுத்த இறங்கியது.

அஜாக்ஸ் பற்றிச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். பக்கம் முழுவதையும் மறுபடி ஏற்றாமல் பின்னணியில் வழங்கியோடு பேசும் முறை அது. ஜெசி ஜேம்ஸ் காரெட் 2005 பிப்ரவரியில் பெயர் வைத்தார், அதற்கு முன்பே 2004-இல் வந்த ஜிமெயிலில் உலகம் அதைப் பார்த்துவிட்டது. தமிழுக்கு அதனால் கிடைத்த பெரிய லாபம், கூகுளின் ஒலிபெயர்ப்புக் கருவி. ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்து இடைவெளி தட்டினால் அங்கேயே தமிழாக மாறும். எதையும் நிறுவ வேண்டாம், சிடி வேண்டாம். பிரவுசிங் சென்டர்காரருக்கு விடிவு பிறந்தது அதில்தான்.

அப்புறம் என்ன ஆச்சு?

மேலே வந்த ஊர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர், சிட்னி, லொசான், கனடா, ஜெர்மனி, அபுதாபி, துபாய். கணினியும் இணைப்பும் கையில் இருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அய்யலூரிலிருந்து வலையைப் பார்க்கத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏற வேண்டும் என்றால், மீ த பர்ஸ்ட்டு போட யார் போவார்கள்? எங்கள் ஊர் ஆட்கள் இந்த உரையாடலில் சேர்ந்தது கணினி வழியாக அல்ல, போன் வழியாக. 2005 பொங்கலுக்கு முத்து நெடுமாறன் 'செல்லினம்' வெளியிட்டார். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, யூனிகோடு தமிழில் 70 தான், அதிலும் 'கு' மாதிரி எழுத்துக்கு இரண்டு இடம் போய்விடும். 2013-இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு சந்தைக்காரர் கையிலும் இணையம்.

இப்போது ஆட்டின் படம் வாட்ஸ்அப்பில் போகிறது, விலை குரல் செய்தியில் வருகிறது. எழுத்துருப் பிரச்சினையே கிடையாது. ஆனால் பேச்சு மறுபடியும் துண்டுக்கு அடியில் போய்விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. குழுவுக்குள் நடப்பது வெளியே தெரியாது, தேடினால் கிடைக்காது. 2006-இல் ஒரு பதிவில் நடந்த சண்டையை இன்றைக்கும் நான் தேடிப் படிக்க முடிகிறது. போன மாதம் குழுவில் நடந்த சண்டையை அந்தக் குழுவில் இருந்தவரே தேடி எடுப்பது கஷ்டம்.

திறந்த வலையும் முழுதாக மிஞ்சவில்லை. ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது, பல தமிழர்களின் முதல் பக்கங்கள் அங்கேதான் இருந்தன. ஓடைகளைப் படிக்க எல்லாரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் போனது, ஆர்குட் 2014 செப்டம்பரில். ஆள் இல்லாத பதிவுகள் இன்னும் நிற்கின்றன, அவற்றுக்கு வழிகாட்டிய திரட்டிகள் போய்விட்டன. ஊர் இருக்கிறது, ஊருக்குப் போகிற பஸ் நின்றுவிட்ட மாதிரி.

திஸ்கியில் எழுதப்பட்ட பழைய பக்கம் ஏதாவது உங்கள் கண்ணில் பட்டால் உடைந்துபோன பக்கம் என்று மூடிவிடாதீர்கள். அந்தக் கூட்டாஞ்சோற்றை அப்படியே நகலெடுத்து ஒரு குறியீட்டு மாற்றியில் ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் தமிழாகித் திரும்பி வரும். இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய முகவரியைக் கொடுத்தும் தேடலாம். அப்படி மீட்டது, அல்லது உங்கள் வீட்டில் அண்ணனோ சித்தப்பாவோ அந்தக் காலத்தில் எழுதியது ஏதாவது இருந்தால் சுட்டி கொடுங்கள், படிக்க ஆசை.